யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு: மூட்டைப்பூச்சியைக் கண்டுபிடிக்கவும் பெட்டிக்குள் ஏறவிடாமல் தடுக்கவும் முழுமையான வழிகாட்டி

நல்லூரில் கொடியேறிவிட்டால் யாழ்ப்பாண நகரத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு. திருவிழா நடக்கும் 25 நாளும் லொட்ஜ், கெஸ்ற் ஹவுஸ், வாடகைக்கு விடும் மேல்மாடி என்று எல்லாம் நிரம்பிவிடும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருபவர்கள், பலாலியில் விமானம் இறங்குபவர்கள், பரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று பிள்ளைகுட்டிகளோடு வருபவர்கள் எல்லோரும் மாறி மாறித் தங்குவார்கள். காலையில் ஒரு குடும்பம் விட்ட கட்டிலில் மத்தியானம் இன்னொரு குடும்பம் படுக்கும். 2023 இலையுதிர் காலத்தில் பரிஸ் நகரம் முழுக்க மூட்டைப்பூச்சிப் பேச்சாகக் கிடந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு வர வெளிக்கிடும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் சேர்ந்துவிட்டது: "அங்க அறையள் எப்பிடி? மூட்டை இருக்குமோ?"

இருக்கலாம். எந்த நகரத்திலும், எந்த வாடகை அறையிலும் இருக்கலாம். வெள்ளை வெளேரென்று விரிப்பு விரித்த அறையிலும் இருக்கும், சுவர் காரை பெயர்ந்த அறையில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கும். அழுக்கைத் தேடி வரும் பூச்சியல்ல இது. மனித இரத்தம் தவிர வேறொன்றும் அதற்குத் தேவையில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அது போவது பெரும்பாலும் பயணப் பெட்டியில், பையில், பழைய தளபாடத்தில்.

அதனால் இந்த வழிகாட்டியை வாசிக்கும்போது ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தோலைக் காப்பதைவிடப் பெட்டியைக் காப்பது முக்கியம். கடித்த தடிப்பு ஒன்றிரண்டு கிழமையில் ஆறிவிடும். பெட்டியின் தையலுக்குள் ஏறிய ஒரேயொரு சினைப்பட்ட பெண் பூச்சி போதும், நீங்கள் அடுத்துப் போய்த் தங்கப்போகும் வீட்டை மாதக்கணக்கில் ஆட்டிவைக்க. யாழ்ப்பாணம் வருகிறவர்கள் அறையில் இரண்டு மூன்று நாள் நிற்பார்கள், பிறகு பெரியம்மா வீடு, அம்மம்மா வீடு என்று நகர்வார்கள். எழுபது எண்பது வயதில் தனியாக இருக்கும் ஒருவரின் கட்டிலில் இந்தப் பூச்சியைக் கொண்டுபோய் விடுவதைப் போன்ற உபத்திரவம் வேறில்லை. என் கவலை முழுக்க அங்கேதான்.

பூச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வளர்ந்த மூட்டைப்பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளம். ஒரு மைசூர்ப் பருப்பு அளவு, அதேபோல் தட்டை, நிறம் மட்டும் செம்பழுப்பு. இரத்தம் குடித்தபின் நீண்டு, உப்பி, கருஞ்சிவப்பாகும். சிறகில்லை. பறக்காது, பாயாது, ஆனால் வேகமாக ஊரும். முட்டை 1 மில்லிமீற்றர், வெள்ளை. பொரித்து வரும் குஞ்சு ஒன்றரை மில்லிமீற்றர்தான், அதுவும் கண்ணாடிபோல் நிறமில்லாமல் இருக்கும். வெள்ளைப் பெட்சீற்றில் அதை வெறும் கண்ணால் பிடிப்பது கடினம். இரத்தம் குடித்த பிறகு வயிற்றில் சிவப்புப் புள்ளி தெரியும்.

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சியில் முக்கியமாக இரண்டு இனங்கள். குளிர்நாடுகளில் பரவியிருப்பது ஒன்று, எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில் பரவியிருப்பது மற்றொன்று. கடியும் பழக்கமும் ஒன்றுதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: வெப்பநாட்டு இனம் வழுக்கும் பரப்பிலும் ஏறக்கூடியது. கட்டில் காலுக்குக் கீழே பிளாஸ்ரிக் கிண்ணம் வைத்தால் ஏறாது என்று இணையத்தில் வரும் ஆலோசனைகள் குளிர்நாட்டு இனத்தை வைத்துச் சொல்லப்பட்டவை. இங்கே அதை நம்பி நித்திரை கொள்ளாதீர்கள்.

முட்டை பொரிக்க ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள். குஞ்சு ஐந்து தடவை தோல் கழற்றி வளரும், ஒவ்வொரு தடவைக்கும் முன்னர் இரத்தம் குடிக்க வேண்டும். எங்கள் வெக்கையில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒன்றரை மாதம் போதும். பெண் பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கு மேல் முட்டையிடும். சாப்பாடு இல்லாமலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே "அந்த அறை ஒரு மாதமாப் பூட்டிக் கிடந்தது, ஒண்டும் இராது" என்று யாரும் சொன்னால் அது ஆறுதல் இல்லை.

நீங்கள் விடும் மூச்சும் உடற்சூடும்தான் அதை வெளியே இழுக்கின்றன. நல்ல நித்திரையில் இருக்கும் விடியப்புற நேரத்தில் வந்து ஐந்து, பத்து நிமிடம் குடித்துவிட்டு ஒளிப்பிடத்துக்குத் திரும்பிவிடும். ஒளிப்பிடம் பெரும்பாலும் தலைமாட்டிலிருந்து இரண்டு மீற்றருக்குள்தான் இருக்கும். தேடும் இடத்தை இது எவ்வளவு சுருக்கிவிடுகிறது என்று பாருங்கள்.

படி 1: வீட்டிலிருந்து வெளிக்கிட முன்

இரண்டு பெரிய கறுப்புப் பொலித்தீன் பைகள், பெட்டி முழுதாக உள்ளே போகும் அளவில். வாய் கட்டும் சின்னப் பைகள் சில, அழுக்கு உடுப்புக்கு. ஒரு செலோரேப். ஒரு நல்ல ரோச் லைற், அல்லது சார்ஜ் உள்ள போன். முடிந்தால் துணிப் பைக்குப் பதிலாக ஓடு போன்ற கடினப் பெட்டி. பூச்சி ஒளிக்கத் தையலும் மடிப்பும் அதில் குறைவு.

அறை பிடிக்கும்போது இணையத்தில் முன்பு தங்கியவர்களின் கருத்துகளை வாசியுங்கள், கடைசி மூன்று நாலு மாதத்தவற்றை மட்டும். ஒரு வருடத்துக்கு முந்திய முறைப்பாட்டை வைத்து ஓர் இடத்தைத் தள்ளிவிடுவது அநியாயம். இடையில் அவர்கள் மருந்தடித்துத் துப்புரவாக்கியிருக்கலாம். இரவு பஸ்ஸில் வருவதென்றால் பையைத் துணிச் சீற்றில் வைக்காமல் பொலித்தீனுக்குள் போட்டுக் காலடியில் வையுங்கள். பஸ், ரயில் இருக்கைகளிலும் மூட்டை பயணம் செய்யும்.

படி 2: அறைக்குள் போன முதல் கால் மணித்தியாலம்

இந்தக் கால் மணித்தியாலத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. களைப்பில் பெட்டியைக் கட்டிலில் தூக்கிப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அதை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகளையும் கட்டிலில் ஏறவிடாதீர்கள். வெளிநாட்டு ஆலோசனைகளில் பெட்டியைக் குளியலறையில் வைக்கச் சொல்வார்கள். எங்கள் குளியலறைகளில் நிலம் எப்போதும் ஈரம். எனவே பெட்டியைப் பொலித்தீன் பைக்குள் இறக்கி, வாயைக் கட்டி, அறை வாசலுக்குக் கிட்டச் சீமெந்து அல்லது மாபிள் நிலத்தில் வையுங்கள். அறை காட்ட வந்த தம்பி "ஐயா, நான் உள்ளுக்கு வைக்கிறன்" என்று தூக்க வருவார். "பரவாயில்லை தம்பி, நாங்கள் ஒருக்கா அறையைப் பாக்கிறம்" என்று சொன்னால் போதும்.

இனித் தேடுதல். ஃபானை நிற்பாட்டுங்கள், காற்றில் தோலுரிகள் பறந்துவிடும். அறை லைற் போதாது. ரோச்சை மெத்தைக்குச் சரிவாக, ஓரமாகப் பிடியுங்கள். நேர் மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் சரிவு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும்.

தலைமாட்டு மூலையில் பெட்சீற்றை மெல்ல உருவுங்கள். உதறாதீர்கள். மெத்தையின் ஓரத்தில் சுற்றிவர ஓடும் தடித்த தையல் பட்டியை இரண்டு விரலால் விரித்து, ஒரு சாண் ஒரு சாணாக நகருங்கள். பார்க்க வேண்டியவை நாலு. முதலாவது, பேனை மையால் குத்தியது போன்ற கறுத்த புள்ளிகள், கொத்தாக. இது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். சந்தேகமென்றால் நனைத்த ரிசுவால் ஒற்றிப் பாருங்கள்: எச்சமானால் செம்பழுப்பாகக் கரைந்து இழுபடும், வெறும் அழுக்கு அப்படி இழுபடாது. இரண்டாவது, துருப்பிடித்த நிறத்தில் சின்ன இரத்தக் கறை, புரண்டு படுத்தவர் நசித்தது. மூன்றாவது, வெளிறிய மஞ்சளில் வெறுங்கூடான தோலுரி. நாலாவது, உயிருள்ள பூச்சியும் முட்டையும். முட்டை தையல் நூலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் விழாது.

மெத்தையில் ஒட்டியிருக்கும் கம்பனி லேபிளின் அடிப்பக்கம், பிடித்துத் தூக்கும் கைபிடி, பொத்தான் வைத்துத் தைத்த குழிகள் எல்லாவற்றையும் பாருங்கள். தும்பு மெத்தையென்றால் துணி கிழிந்த இடத்தை முக்கியமாகக் கவனியுங்கள். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பலகைகளையும் பாருங்கள்.

மெத்தையோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் ஊர் அறைகளில் மெத்தையைவிட மரக் கட்டில்தான் மோசம். தேக்கிலோ வேம்பிலோ செய்த கனத்த கட்டில், தலைமாட்டில் செதுக்கல் வேலை, கால்களோடு சட்டம் பூட்டும் பொருத்து, ஆணி இறங்கிய குழி. ஒவ்வொன்றும் மூட்டைக்கு மாளிகை. ஓர் ஏ.ரி.எம். காட்டையோ தடித்த கடுதாசி அட்டையையோ பொருத்து இடுக்கில் விட்டு மெல்ல இழுங்கள். உள்ளே இருந்தால் புள்ளிப் பொடியோ தோலுரியோ பூச்சியோ அட்டை விளிம்பில் வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தித் தலைமாட்டின் பின்பக்கத்தையும் ரோச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது நுளம்பு வலை. இது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் மறக்கும் இடம். வலையின் மேல் மூலைகளில் கயிறு கட்டும் துணிப் பட்டி, கூரைத் துணியின் தையல், பகலில் முறுக்கி முடிந்து வைக்கும் முடிச்சு மூன்றிலும் மூட்டை குடியிருக்கும். வலைக்குள் படுத்தால் நுளம்பு வராது, உள்ளேயே இருக்கும் மூட்டைக்கு வலை ஒரு தடையில்லை. முடிச்சை அவிழ்த்து, தலைக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

பிறகு பிரம்புக் கதிரை. பின்னலும் கால் சுற்றிய பிரம்பும் நல்ல ஒளிப்பிடம். தலைமாட்டுப் பக்க மேசையின் லாச்சியை வெளியே இழுத்து அதன் அடியையும் பாருங்கள். சுவரில் மாட்டிய சாமிப் படம், கலண்டர், யன்னல் சீலையின் மேல் மடிப்பு, தலைமாட்டுக்குப் பக்கத்தில் உள்ள பிளக் பெட்டியின் விளிம்பு இவ்வளவும் போதும். அலுமாரியைத் திறந்து ஒருமுறை மோந்து பாருங்கள். மூட்டையை நசித்தால் வரும் அந்த மணம் பழைய ஆட்களுக்கு நல்லாய்த் தெரியும். அறைக்குள் நுழைந்ததும் அது அடித்தால் பூச்சி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மணம் இல்லையென்றால் பூச்சி இல்லையென்று அர்த்தமில்லை.

படி 3: கண்டுவிட்டால்

சத்தம் போட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். பூச்சியைச் செலோரேப்பில் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் அழுத்துங்கள். புள்ளிகளைக் கிட்டவும் தூரவுமாக இரண்டு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்து எடுத்தால் அளவும் தெரியும். பிறகு பொறுப்பானவரை அறைக்கே கூப்பிட்டுக் காட்டுங்கள்: "தம்பி, குறை பிடிக்கேல்லை. இந்தத் தலைமாட்டுப் பொருத்துக்குள்ள மூட்டை இருக்கு, வந்து ஒருக்காப் பாருங்கோ. எங்களுக்கு வேற பக்கத்தில ஒரு அறை தாங்கோ." தாளைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

மாற்று அறை அடுத்த அறையாக இருக்கக்கூடாது. நேர் மேலே, நேர் கீழே உள்ளதும் வேண்டாம். வயர்க் குழாய், தண்ணிக் குழாய், கதவிடுக்கு வழியாக அவை பக்கத்து அறைக்குப் போகும். மாற்று அறையிலும் அதே கால் மணித்தியாலச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். அறை இல்லையென்றால் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் படங்களும் பற்றுச்சீட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கலாம்.

அறையில் பழைய கறுத்த புள்ளி மட்டும் இருக்கிறது, உயிருள்ளது ஒன்றும் இல்லை என்றால்? மருந்தடித்த பிறகும் கறை நிற்கும், உண்மை. ஆனால் உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வேறு அறை இருந்தால் மாறுங்கள்.

நடுச்சாமத்தில்தான் தெரிய வருகிறது, போக இடமும் இல்லை என்றால், லைற்றைப் போட்டுக் கொண்டு படுப்பதால் பயனில்லை. பசியுள்ள பூச்சி வெளிச்சத்திலும் வரும். கட்டிலை விட்டு, தூரத்தில் வெறும் நிலத்தில் உங்களுடைய சொந்தத் துணியை விரித்துப் படுத்து, விடிந்ததும் அந்தத் துணியைப் பொலித்தீன் பைக்குள் கட்டிவிடுங்கள். நுளம்புக்குச் சுருள் கொளுத்த மறக்க வேண்டாம்.

மடத்திலும் வாடகை வீட்டிலும்

செல்வச்சந்நிதியிலோ நயினாதீவிலோ மடத்தில் தங்குகிறவர்களுக்குக் கட்டில் இல்லை, மெத்தை இல்லை. அதனால் ஆபத்தும் குறைவுதான், அங்கே பொதுப் பாயை எடுத்து விரிக்காத வரைக்கும். பனையோலைப் பாயின் மடித்துப் பின்னிய விளிம்பும் தலகணியின் உறைத் தையலும்தான் பார்க்க வேண்டிய இடங்கள். உங்கள் பாயை நீங்களே கொண்டுபோங்கள். பைகளை நூறு பேரின் பைகளோடு ஒரே குவியலில் போடாமல் பொலித்தீனுக்குள் கட்டித் தனியே வையுங்கள்.

வாடகை வீடுகளில் சோபாவும் பழைய தளபாடமும்தான் கவலை. சோபாவில் பகல் நித்திரை கொள்கிறவர்கள் அதன் இருக்கை இடுக்குகளையும் அடித்துணியையும் பாருங்கள்.

காலையில் கையெல்லாம் தடிப்பு: மூட்டையா, நுளம்பா?

யாழ்ப்பாணத்தில் பத்துக்கு ஒன்பது தரம் நுளம்பாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நுளம்புக் கடி சில நிமிடத்தில் தடித்து, ஓரிரு நாளில் அடங்கும். மூட்டைக் கடி அப்படியில்லை. சிலருக்கு அன்றே தெரியும், சிலருக்குப் பல நாள் கழித்து, 14 நாள் வரைக்கும் கூட. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே கட்டிலில் படுத்த கணவனுக்குத் தடிப்பே இல்லாமல் மனைவிக்குக் கையெல்லாம் தடித்திருப்பது சாதாரணம். மூன்று நாலு கடி ஒரே வரிசையில் இருந்தால் மூட்டை என்பார்கள். அது ஓர் அறிகுறிதான், முடிவல்ல. கடியைப் பார்த்து மட்டும் வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூச்சியோ புள்ளியோ கண்ணால் காண வேண்டும்.

இதனால் இன்னொன்றும் வருகிறது. இன்று யாழ்ப்பாணத்து அறையில் சொறிகிற தடிப்பு, போன கிழமை கண்டியிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ கடித்ததாக இருக்கலாம். தடிப்பை மட்டும் காட்டி ஒரு விடுதிக்காரரின் பேரை இணையத்தில் கெடுக்காதீர்கள். சின்னக் குடும்பம் கடன்பட்டு நடத்தும் இடங்கள் இங்கே நிறைய.

மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பயத்தை விடுங்கள். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ் ஒற்றி, கலமைன் பூசினால் போதும். கடி தாங்க முடியாவிட்டால் பார்மசியில் கேட்டு செற்றிரிசின் போன்ற ஒவ்வாமைக் குளிசை எடுக்கலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரிடம் கேட்டே கொடுங்கள். நகத்தால் கீறிப் புண்ணாக்கினால் கிருமி தொற்றும். சீழ் வைத்தாலோ, முகம் உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

இதைவிடக் கவனிக்க வேண்டியது காய்ச்சல். மூட்டை காய்ச்சல் கொண்டுவராது. தடிப்போடு காய்ச்சலும் இருந்தால் "மூட்டை கடிச்ச காய்ச்சல்" என்று வீட்டில் கிடக்காதீர்கள். மாரி மழையோடு கார்த்திகை, மார்கழி, தையில் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். பரசிட்டமோலைத் தவிர அஸ்பிரினோ, ஐபுபுரொஃபன் வகை நோ மருந்தோ எடுக்காமல் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பற்றைக் காணிகளில் நடந்தவர்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் வரும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கறுத்த பொருக்குப் பிடித்த ஒரு புண் இருந்தால் வைத்தியருக்கு அதை மறைக்காமல் காட்டுங்கள். மருந்து தொடங்கினால் விரைவில் குணமாகும் காய்ச்சல் அது.

படி 4: தங்கியிருக்கும் நாட்களில்

சோதனையில் ஒன்றும் காணவில்லை என்றாலும் பெட்டியைத் திறந்து பரப்பாதீர்கள். எடுக்க வேண்டியதை எடுத்து, திரும்பப் பூட்டி, பொலித்தீனுக்குள் வைத்து, கட்டிலிலிருந்து தூரத்தில், சுவரில் முட்டாமல் வையுங்கள். போட்ட உடுப்பை நிலத்திலோ கதிரையிலோ எறிய வேண்டாம். மனித வாடை உள்ள அழுக்கு உடுப்பை மூட்டை தேடி வரும். கழற்றியதும் சின்னப் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு காலையும் பெட்சீற்றில் புதுப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும், மிச்ச நேரத்தை ஊர் சுற்றப் பயன்படுத்துங்கள்.

படி 5: உறவினர் வீட்டுப் படி ஏற முன்

சந்தேகமான அறையில் ஓர் இரவு படுத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். மூட்டையையும் முட்டையையும் நிச்சயமாகக் கொல்வது சூடு. 50 பாகை செல்சியஸைத் தாண்டிய சூடு ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்ச் சேர்ந்து சிறிது நேரம் நின்றால் போதும். பச்சைத் தண்ணியில் தோய்த்துக் கொடியில் காயப்போடுவது போதாது. முட்டை அதைத் தாண்டி நிற்கும்.

வசதியானது, நகரத்தில் உலர்த்தும் மெசின் உள்ள லோன்றி. உடுப்பு நல்லாய்ச் சூடேறிய பிறகு கடும் சூட்டில் அரை மணித்தியாலம் ஓடவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கட்டிய பையோடு கொண்டுபோய், அந்தப் பையை அங்கேயே எறிந்துவிட்டு, வேறு பையில் வாங்குங்கள். லோன்றி கிடைக்காவிட்டால் பருத்தி உடுப்பு, சாரம், துவாய், பெட்சீற் எல்லாவற்றையும் பெரிய வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடி, ஆறும்வரை விடுங்கள். முற்றத்தில், பிள்ளைகள் கிட்ட வராத இடத்தில் செய்யுங்கள்.

பட்டுச் சீலையும் பட்டு வேட்டியும் கொதிநீரில் போடமுடியாது. திருவிழாவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் இதுதானே பெறுமதியான சாமான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து மடிப்பு, கரை, ஃபோல்ஸ் தைத்த இடம் பார்த்து, பொலித்தீனில் சுற்றிக் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 பாகை செல்சியஸ் வரை குளிரும் பிறீசரில் நாலு நாள் வைக்கலாம். பிறிட்ஜின் மேல்தட்டுச் சின்ன ஐஸ் அறை அவ்வளவு குளிராது. ஐஸ்கிறீம் வைக்கும் தனிப் பிறீசர் வேண்டும். பிறீசர் இல்லையென்றால் துணி தாங்கும் சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு, தையல் வழியே மெதுவாக அயன் பண்ணுங்கள்.

பெட்டிதான் கடைசியும் முக்கியமும். வெறுமையாக்கி, சிப், சில்லு, உட்துணியின் ஓரம், கைபிடி இறங்கும் குழி எல்லாவற்றையும் ரோச் அடித்துப் பார்த்து, தூரிகையால் தட்டி, நீராவி அடிக்கும் அயன் பெட்டி இருந்தால் தையல் நீளத்துக்கு நீராவி விடுங்கள். எங்கள் வெயிலும் உதவும், அளவோடு. வெறும் பெட்டியைக் கறுப்புப் பொலித்தீனில் கட்டி, யன்னல் ஏற்றிய காருக்குள் நடுமத்தியான வெயிலில் நாலைந்து மணித்தியாலம் வைத்தால் சூடு 50 பாகையைத் தாண்டக்கூடும். சாமான் நிரம்பிய பெட்டியின் நடுவுக்கு அந்தச் சூடு போகாது, மப்பு நாளில் ஒன்றும் நடக்காது. வெயிலை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன். முற்றத்தில் வெறுமனே விரித்து வைத்தால் பூச்சி நிழலுக்கு ஊர்ந்து போய்விடும்.

இதற்கெல்லாம் நேரமில்லை, இன்றைக்கே பெரியம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், பெட்டியைக் கட்டிய பையோடு விறாந்தைக்கு வெளியே வையுங்கள். அன்றைக்குத் தேவையான, லோன்றியில் சூடேற்றிய உடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். போக முன் போனில் சொல்லிவிடுங்கள்: "பெரியம்மா, நாங்கள் நிண்ட இடத்தில மூட்டை இருந்தது. உடுப்பெல்லாம் சுடுதண்ணியில போட்டாச்சு. பெட்டியை வெளியிலதான் வைப்பம், குறை நினைக்காதேங்கோ." அவர் குறை நினைக்க மாட்டார். சொல்லாமல் போய், ஒரு மாதம் கழித்து அவருக்குக் கையெல்லாம் தடித்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வெட்கத்தில் அவர் மறைப்பதுதான் கொடுமை. மறைக்க மறைக்க அது பெருகும்.

செய்யவே கூடாதவை

மண்ணெண்ணெய், பெற்றோல், ஸ்பிரிட் எதையும் கட்டிலிலோ மெத்தையிலோ ஊற்றாதீர்கள். சாமி விளக்கும் நுளம்புச் சுருளும் எரியும் வீடுகளில் அது தீ விபத்துக்கு வழி.

தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிப்பது அதைவிடப் பயங்கரம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாங்கி வைத்த போத்தல் பல வீட்டுக் கொட்டிலில் இருக்கும், "அதில கொஞ்சம் அடிச்சு விட்டா எல்லாம் செத்திடும்" என்று யாராவது சொல்வார்கள். மூடிய அறையில், தலகணியில், குழந்தை படுக்கும் இடத்தில் அந்த நஞ்சு உங்களைத்தான் முதலில் தாக்கும். கடையில் விற்கும் நுளம்பு, கரப்பான் ஸ்பிறேயாலும் புகைக் குண்டாலும் பயனில்லை. உலகம் முழுக்க மூட்டைகள் அந்த வகை மருந்துகளுக்குப் பழகிவிட்டன. சாகாதவை சுவர் வெடிப்புக்குள் ஆழமாய்ப் போய் அடுத்த அறையில் வெளிவரும்.

வேப்பிலையைத் தலகணிக்குக் கீழே வைப்பதால் கெடுதல் இல்லை. அதை நம்பிச் சோதனையைக் கைவிட்டால்தான் கெடுதல்.

அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

ஒரு தங்குநர் போய் அடுத்தவர் வருமுன், விரிப்பு மாற்றும் பிள்ளை தலைமாட்டுத் தையலையும் கட்டில் பொருத்தையும் பார்க்க இரண்டு நிமிடம் கொடுங்கள். சிப் வைத்து முழுதாய் மூடும் மெத்தை உறை போடுங்கள், அந்தச் செலவு திரும்பி வரும். கட்டில் பொருத்துகளை மரப் புட்டியால் அடைத்து வார்னிஷ் பூசலாம். கண்டுவிட்டால் அந்த அறையின் மெத்தையை மற்ற அறைக்கு மாற்றாதீர்கள். அப்படித்தான் முழு மாடிக்கும் பரவும். தெரிந்த தொழில்முறைப் பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிட்டு, இரு பக்க அறைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை மருந்தடித்தால் முட்டைகள் தப்பிவிடும். இரண்டு கிழமை இடைவெளியில் திரும்ப வந்து பார்க்கும் ஒப்பந்தமாக இருக்கட்டும்.

படி 6: ஊர் திரும்பிய பிறகு

பெட்டியைப் படுக்கையறைக்குள் அவிழ்க்காமல் பல்கனியிலோ குளியலறையிலோ கராஜிலோ அவிழுங்கள். வெளிநாடுகளில் உலர்த்தும் மெசின் வீட்டிலேயே இருக்கும், போட்டது போடாதது எல்லாவற்றையும் அதில் விடுங்கள். பிறகு ஆறு கிழமைக்கு, கிழமைக்கு ஒருமுறை உங்கள் கட்டிலின் தலைமாட்டுத் தையலை ரோச் அடித்துப் பாருங்கள். ஒரு முட்டை தப்பி வந்திருந்தால் அது வளர்ந்து அடையாளம் காட்ட அவ்வளவு காலம் எடுக்கும். ஏதும் கண்டால் உங்கள் இடத்துப் பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிடுங்கள். யாழ்ப்பாணத்தில் நீங்கள் தங்கிய விடுதிக்கும் வீட்டாருக்கும் அறை எண், தங்கிய திகதி, படத்தோடு ஒரு செய்தி போடுங்கள்.